ஆறு எஞ்சினியர்களும் ஒரு கையெழுத்தும்

அந்தத் திங்கட்கிழமை காலை, ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்து மக்காய் ஊரில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகத்தில், ஒரே ஒரு மின்னஞ்சலில் ஆறு பேர் எஞ்சினியர் ஆனார்கள். புதிதாக எதுவும் படிக்கவில்லை, பரீட்சை எழுதவில்லை. வெள்ளிக்கிழமை புரோகிராமர்களாக வீட்டுக்குப் போனவர்கள், திங்கட்கிழமை டீ ஆறுவதற்குள் எஞ்சினியர்களாகிவிட்டார்கள். முடி வெட்டிக்கொள்ளக்கூட அதைவிட நேரமாகும்.

இருபத்தேழு வயது லாக்லன் பியர்ட் 'சீனியர் சாஃப்ட்வேர் எஞ்சினியர்'. மற்ற நால்வருக்கும் முன்னும் பின்னும் ஏதேதோ ஒட்டிய எஞ்சினியர் பட்டங்கள். இந்தப் பட்டமளிப்பு விழாவை நடத்திய பிரென்ட் ஹேடோ தனக்கு எடுத்துக்கொண்டது 'எஞ்சினியரிங் தலைவர்'. கரும்பு ஆலைகளுக்குப் புரோகிராம் எழுதித் தரும் இந்தச் சின்னக் கம்பெனியை ஒரு சிட்னிக்காரக் கம்பெனி பிப்ரவரியில் வாங்கியது. அதை நடத்த சிட்னியிலிருந்து வந்து இறங்கியவன் பிரென்ட். சிட்னியில் சாஃப்ட்வேர் எழுதுகிற எல்லாரும் எஞ்சினியர்தான் என்பது அவன் நம்பிக்கை.

மீதி மூன்று பேரில் ஒருத்தி கணக்குப் பார்ப்பவள், ஒருவன் போன் எடுப்பவன். மூன்றாவது நோலீன் கமிலேரி. அவள் பெயருக்கு எதிரே 'சப்போர்ட் டெக்னீஷியன், இரண்டாம் நிலை' என்று இருந்தது.

நோலீனுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வயதில் ஃபாரல் க்ரீக் ஆலையில் ரேடியோ முன் உட்கார்ந்து, எந்தக் கரும்பு ரயில் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று டிரைவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஆலைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதை ஓட்ட வந்தவன் வெயில் தாங்காமல் மூன்றாம் வாரமே ஓடிப்போனான். அவன் விட்டுச்சென்ற தடித்த புத்தகத்தை நோலீன் ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தாள். அடுத்த அரவைப் பருவத்தில் ரயில்களை ஓட்டியது அவள் எழுதிய புரோகிராம். பிறகு அதோடு இந்தக் கம்பெனிக்கு வந்தாள்; இன்றைக்கும் ஐந்து ஆலைகளில் ஓடுவது அதுதான். இத்தனை வருஷமும் அவள் கார்டில் இருந்தது ஒரே சொல், புரோகிராமர். அதற்குக் குறைவாகவோ கூடவோ அவள் தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை.

மின்னஞ்சலில் இருந்த பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து எஞ்சினியர் என்ற பெயர் உள்ளவர்கள் மட்டுமே புரோகிராமைத் திருத்தலாம். டெக்னீஷியன்கள் வாடிக்கையாளர் சொல்லும் குறைகளைக் கேட்டு எழுதி எஞ்சினியர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதாவது, தான் எழுதிய புரோகிராமை நோலீன் இன்னும் ஆறு வாரத்துக்குப் பிறகு தொடக்கூட முடியாது.

அவள் இரண்டு முறை படித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

பத்து மணி டீக்கு எல்லாரும் பின்கட்டில் கூடினார்கள். லாக்லன் பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் தள்ளினான்.

"நோல்ஸ், சத்தியமா எனக்கு இது தெரியாது. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"வேண்டாம்னு ஏன் சொல்லணும்? எஞ்சினியர் ஆயிட்ட. கீழ டயர் கடைக்காரனோட பம்பு ரெண்டு நாளா ஓடல. போய்ப் பாத்துட்டு வா."

"கிண்டல் பண்ணாத. எங்கம்மா அதுக்குள்ள ஃபேஸ்புக்ல போட்டுட்டாங்க. அத்தை மூணு பேரு வாழ்த்து சொல்லியாச்சு."

"அப்போ பம்ப சரி பண்ணித்தான் ஆகணும். அத்தைங்க கேப்பாங்கல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நோலீனும் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் உறுத்தியது என்பதை மறைப்பானேன். அவள் அப்பா ஆலையில் தண்டவாளம் போடும் கும்பலில் இருந்தவர். ஆலை எஞ்சினியர் வந்தால் மட்டும் தொப்பியைக் கழற்றுவார், பாதிரியாருக்குக்கூடக் கழற்றமாட்டார். அந்தப் பெயர் தனக்கும் வந்தால் எப்படி இருக்கும் என்று நோலீன் நினைத்துப் பார்க்காத வருஷமில்லை. இப்போது அது டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுப்பதுபோல எல்லாருக்கும் கொடுக்கப்பட்டு, அவளிடம் வரும்போது டப்பா காலியாகியிருந்தது.

அந்த வருஷம் கம்பெனி கையில் ஒரு பெரிய வேலை இருந்தது. ஃபாரல் க்ரீக்கில் பள்ளிக்கூட ரோட்டைக் கரும்பு ரயில் பாதை வெட்டிப்போகிற லெவல் கிராசிங்குக்குச் சிவப்பு விளக்கு. ரயில் எங்கே வருகிறது என்பது நோலீனின் புரோகிராமுக்கு எப்போதும் தெரியும். அதோடு விளக்கைக் கோத்துவிட்டால், ரயில் நெருங்கும்போது விளக்கு தானாக எரியும். கோத்து முடித்தவன் லாக்லன். நன்றாகத்தான் செய்திருந்தான். அரவை தொடங்குவதற்கு முன் ஆலைக்காரர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். பொறுப்பான எஞ்சினியரின் பெயர், எண், கையெழுத்து.

"ஆறு பேர் இருக்கோம், ஒருத்தர் போட்டா போச்சு" என்று பிரென்ட் அதை லாக்லனிடம் நீட்டினான். லாக்லன் பெயர் எழுதினான். எண் என்ற கட்டத்தில் அலுவலக அட்டையில் இருந்த தன் ஊழியர் எண்ணை எழுதினான். கையெழுத்தும் போட்டான். பையன் பாவம், கேட்டதைக் கொடுத்தான்.

மறுநாள் ஆலையிலிருந்து மார்யா ஆல்டோ என்பவள் கூப்பிட்டாள். சிக்னல் வேலைகளுக்காக ஆலை வைத்திருந்த எஞ்சினியர் அவள். முப்பத்தொன்பது வயது, பேச்சில் ஒரு சொல் அதிகம் இருக்காது. பிரென்ட் போனை ஸ்பீக்கரில் போட்டான், எல்லாரும் கேட்கட்டும் என்று. பிறகு அதற்கு வருந்தினான்.

"லாக்லன் பியர்ட்னு ஒருத்தர் கையெழுத்து போட்டிருக்கார். பதிவு எண் நூத்திப் பதினாலுன்னு இருக்கு."

"ஆமா, சீனியர் எஞ்சினியர் அவர்" என்றான் பிரென்ட்.

"நூத்திப் பதினாலாவது எண் வாங்கினவர் இப்போ உயிரோட இருந்தா அவருக்குத் தொண்ணூறு வயசு இருக்கும். உங்க சீனியர் அவ்வளவு சீனியரா?"

லாக்லனின் காது சிவந்துபோனது. மார்யா கத்தவில்லை, திட்டவுமில்லை. குயின்ஸ்லாந்தில் எஞ்சினியர் வேலை என்றால் அரசிடம் பதிவு பெற்றவர் செய்ய வேண்டும், அல்லது பதிவு பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும், சிட்னியில் உங்கள் வழக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது என்றாள். உங்களில் பதிவு பெற்றவர் யார் என்று கேட்டாள். ஆறு எஞ்சினியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி. திங்கட்கிழமை எல்லாரும் ஆலைக்கு வாங்க. நான் பாத்து எனக்குத் திருப்தியா இருந்தா என் பேர்ல கையெழுத்துப் போடறேன். ரயிலோட இடத்தைக் கணக்குப் பண்ற புரோகிராம் யாரு எழுதினது? அவங்க கண்டிப்பா வரணும்."

அந்த வியாழக்கிழமை நோலீன் ஆலைக்குப் போனாள், லோகோ என்கிற ரயில் எஞ்சின்களில் புதிய கம்ப்யூட்டர் திரைகளைப் பொருத்த. அவள் கையில் திருப்புளியும் தோளில் ஒயருமாக வேலை செய்ய, டிரைவர் ப்ளூ பக்கத்தில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். தலைமுடி செக்கச்செவேலென்று இருப்பவனை நீலம் என்று கூப்பிடுவது அந்த ஊர்க் கிண்டல், அதனால் அவன் பெயர் ப்ளூ. அம்மா வைத்த பெயர் ரேமண்ட் என்பது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

"உன்ன டெக்னீஷியன் ஆக்கிட்டாங்களாமே கண்ணு? எங்களுக்கெல்லாம் கேள்விப்பட்டு ஒரே சிரிப்பு."

"சிரிச்சிக்கோ. அடுத்த மாசம் உன் ரயில் காணாமப் போனா, நான் எழுதி மட்டும்தான் வச்சுக்குவேன். தேடமாட்டேன்."

"ஐயோ, வேண்டாம் தாயே. போன மழையில பள்ளிக்கூட ரோட்டுல நாப்பது கரும்புத் தொட்டிய பின்னாலேந்து தள்ளிட்டு வந்தேனே, அன்னிக்கு நீ மட்டும் ரேடியோவுல இல்லைன்னா நான் இன்னும் கரும்புக்குள்ளதான் நின்னுட்டிருப்பேன்."

"அங்க ஏன் தள்ளின?"

"ரோட்டத் தாண்டி, தோட்டத்துக் கடைசியில பாதை சேறாயிடும். லோகோவை முன்னாடி போட்டா புதைஞ்சிரும். அதனால தொட்டிங்கள முன்னாடி விட்டுட்டு லோகோ பின்னாலேந்து தள்ளும். கிராசிங்ல ஒருத்தன் கொடியோட நிப்பான். இந்த வருஷம் அவனும் வேண்டாமாம். உங்க லைட்டு பாத்துக்குமாம்."

நோலீன் திருகுவதை நிறுத்தினாள்.

ரயில் எங்கே இருக்கிறது என்பதை அவள் புரோகிராம் எதை வைத்துச் சொல்கிறது? லோகோவில் இருக்கும் கருவியை வைத்து. லோகோ முன்னால் இருந்தால் ரயிலின் தலை அதுதான். பின்னால் நின்று தள்ளினால், தலை இருநூறு மீட்டர் முன்னால் போய்விட்டிருக்கும். லோகோ கிராசிங்குக்கு நூற்றைம்பது மீட்டரில் வரும்போது விளக்கு எரியத் தொடங்கும் என்று வைத்திருந்தார்கள். அதற்குள் பத்துத் தொட்டிகள் ரோட்டைக் கடந்திருக்கும், விளக்கில்லாமல், சத்தமில்லாமல்.

அவள் எழுதிய காலத்தில் அது தவறில்லை. தோட்டத்துக்குத் தொட்டி எப்போது வரும் என்று சொல்ல இருநூறு மீட்டர் ஒரு பொருட்டா? ஆனால் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அது பொருட்டு.

அன்று மதியமே பிரென்ட்டின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவன் மோசமானவன் இல்லை, அவசரக்காரன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"வருஷத்துக்கு எத்தன தடவ தள்ளுவாங்க?"

"மழையப் பொறுத்தது. மூணு, நாலு தடவ."

"மூணு நாலு தடவ! நோலீன், செவ்வாய்க்கிழமை விளக்கு எரியும்னு சிட்னிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். திங்கட்கிழமை கையெழுத்து வாங்கிடுவோம். அடுத்த மாசம் ஒரு திருத்தம் அனுப்பி இதச் சரி பண்ணிடலாம். மழைக்கு இன்னும் நாள் இருக்கு."

அவன் கம்ப்யூட்டரைத் திருப்பி அவளுக்குக் காட்டினான். பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே புதிதாக ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. 'பிரின்சிபல் சாஃப்ட்வேர் எஞ்சினியர்.' லாக்லனுக்கு மேலே. எல்லாருக்கும் மேலே, பிரென்ட்டுக்கு மட்டும் கீழே.

"இத நான் முதல்லயே செஞ்சிருக்கணும். என் தப்பு. திங்கட்கிழமை நல்லபடியா முடியட்டும், அனுப்பிடறேன்."

நல்லபடியாக என்றால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே நோலீன் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். நன்றாக இருந்தது, ஆசையாகக்கூட இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். பெயர், சம்பளம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் புரோகிராம், எல்லாம் கைக்குள். வாய் திறந்தால் மிச்ச காலம் போன் எடுத்து யாரோ சொல்வதை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அவள் ஒரே தட்டை மூன்று முறை கழுவினாள்.

திங்கட்கிழமை ஆலையின் கூட்ட அறையில் ஆறு எஞ்சினியர்களும் ஒரு டெக்னீஷியனும் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே மார்யா ஆல்டோ தனியாக, முன்னால் ஒரு நோட்டும் பேனாவும். பிரென்ட் முக்கால் மணி நேரம் படம் போட்டு விளக்கினான். மார்யா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் நோட்டைத் திருப்பினாள்.

"நல்லாருக்கு. ஒரே ஒரு கேள்வி. இது யாரையாவது கொன்னா, எப்படிக் கொல்லும்?"

யாரும் எதிர்பார்க்கவில்லை. பிரென்ட் சிரிக்கப் பார்த்தான்.

"அப்படி நடக்க வாய்ப்பே இல்ல. எல்லா சோதனையும் பாஸ்."

"அது பதில் இல்ல. வரிசையா வாங்க."

ஒவ்வொருவராக ஏதோ சொன்னார்கள். மின்சாரம் போனால், ரேடியோ விட்டுப்போனால் என்றார்கள். அதற்கெல்லாம் விளக்கு எரிந்தே இருக்கும்படி லாக்லன் செய்திருந்தான். மார்யா தலையாட்டினாள். கடைசியில் அவள் பார்வை நோலீனிடம் வந்து நின்றது. பிரென்ட் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் கைக்குள் என்று நினைத்தாளே, அந்தக் கையை மேஜை மேல் எடுத்து வைத்தாள்.

"தள்ளும்போது கொல்லும்" என்றாள் நோலீன். "லோகோ பின்னால இருந்து தள்ளினா, ரயிலோட தல எங்கன்னு என் புரோகிராமுக்குத் தெரியாது. நாப்பது தொட்டின்னா, முதல் பத்து, விளக்கு எரியறதுக்கு முன்னாடியே ரோட்டத் தாண்டும். கொடிக்காரனையும் எடுத்துட்டீங்கன்னா பஸ்காரனுக்கு எதுவும் தெரியாது. தொட்டிக்குச் சத்தமும் கிடையாது."

மார்யா நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டாள்.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"வியாழக்கிழமை."

மார்யா பிரென்ட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது பார்த்ததைவிட மோசமாக இருந்தது. நோட்டை மூடினாள்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன். கொடிக்காரன் இருப்பான். சரி பண்ணி முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம். சரி பண்றவங்க என் மேற்பார்வையில பண்ணணும்." பேனாவால் நோலீனைக் காட்டினாள். "இவங்க பண்ணட்டும்."

பிரென்ட் நிமிர்ந்தான். கோபமும் அவமானமும் சேர்ந்து முகம் வீங்கியிருந்தது.

"அது எங்க உள் விவகாரம். எங்க விதிப்படி நோலீன் டெக்னீஷியன். ஜூலையிலேந்து புரோகிராம்ல எஞ்சினியருங்க மட்டும்தான் கை வைக்கலாம்."

"எஞ்சினியருங்களா?" மார்யா வரிசையை ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள். "இந்த மாநிலத்துச் சட்டப்படி இந்த ரூம்ல ஒரே ஒரு எஞ்சினியர்தான் இருக்கா. அது நான். நாளைக்கு அங்க ஒரு குழந்தை செத்தா, போலீஸ் உங்க வாசல்ல வந்து நிக்காது, என் வாசல்ல வந்து நிக்கும். அந்தப் பேருக்கு அர்த்தம் அவ்வளவுதான். மத்தபடி நீங்க எல்லாரும் எனக்குக் கீழ வேல செய்யற ஆளுங்க. எனக்குக் கீழ யார் வேல செய்யணும்னு நான் சொல்றேன். இவங்க."

லாக்லன் தொண்டையைச் செருமினான். "நான் நோல்ஸுக்கு உதவி பண்ணட்டுமா? கோத்து வச்சது நான்தானே."

"பண்ணுங்க" என்றாள் மார்யா. "அந்த நம்பர் கட்டத்துல மட்டும் எதுவும் எழுதாதீங்க."

சரி பண்ணி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. நோலீன் எழுதிய ஒரு வரியைப் பற்றியும் அதற்கு முன் யாரும் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. மார்யா தினமும் பிற்பகல் வந்து பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். இது ஏன், அது ஏன், இது தவறினால் என்ன, டிரைவர் பொய் சொன்னால் என்ன? முதல் நாள் நோலீனுக்கு எரிச்சலாக வந்தது. மூன்றாம் நாள் மார்யா கேட்பதற்கு முன்பே தானே கேட்டுக்கொள்ளத் தொடங்கினாள். ஐந்தாம் நாள் மார்யா, "இதுக்கு நான் கேள்வி வச்சிருந்தேன், நீயே பதில் எழுதிட்ட" என்றாள். நீங்க என்பது எப்போது நீ ஆனது என்று இருவருக்குமே தெரியாது.

திருத்தம் கடைசியில் சின்னதுதான். ரயிலுக்கு ஒரு முனை இல்லை, இரண்டு முனை. எத்தனை தொட்டி கோத்திருக்கிறது என்று டிரைவர் திரையில் அழுத்த வேண்டும். எந்த முனை முன்னால் போகிறதோ அதை வைத்து விளக்கு எரியும். டிரைவர் அழுத்த மறந்தால், ஆலையிலேயே நீளமான நாற்பது தொட்டி ரயில் அதுதான் என்று வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் அதே நீளத்துக்குக் கணக்குப் போடும். அதைக் கேட்டபோது ப்ளூ, "என்ன மாதிரி மறதிக்காரனுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு கண்ணு" என்றான். "உனக்குன்னேதான் எழுதினேன்" என்றாள் நோலீன். அது பொய்யில்லை.

பத்தாம் நாள் சோதனை. மார்யா கிராசிங் நடுவில் போய் நின்றுகொண்டாள், கைகளைக் கட்டிக்கொண்டு, தண்டவாளத்தின் மேலேயே. ப்ளூ நாற்பது காலித் தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தான். எதையும் அழுத்தக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். முதல் தொட்டி நூற்றைம்பது மீட்டரில் இருக்கும்போது இரண்டு விளக்குகளும் மாறி மாறி எரிந்தன, மணி அடித்தது. மார்யா அவசரப்படாமல் நடந்து வந்து, யூட் என்கிற பிக்கப் வண்டியின் பானெட்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, மேற்பார்வையில் வேலை செய்தவர்கள் என்ற இடத்தில், நோலீன் கமிலேரி என்று முழுப் பெயரையும் எழுதினாள், அதன் கீழே லாக்லன் பெயரை. பிறகு காகிதத்தை இருவரிடமும் நீட்டினாள், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க. நோலீன் பார்த்தாள். பிழையில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சிட்னி வக்கீல்கள் விஷயம் கேள்விப்பட்டு, குயின்ஸ்லாந்தில் யாருக்கும் அந்தப் பெயர் வேண்டாம், வம்பை விலைக்கு வாங்காதீர்கள் என்று ஒரு கடிதம் எழுதினார்கள். ஆறு எஞ்சினியர்களும் ஒரே மின்னஞ்சலில் டெவலப்பர் ஆனார்கள், பிரென்ட் உட்பட. லாக்லனின் அம்மா ஃபேஸ்புக்கில் எதையும் அழிக்கவில்லை. லாக்லனிடம் டிகிரி இருந்தது. இன்னும் சில வருஷம் மேற்பார்வையில் ஒழுங்காக வேலை செய்தால் முறைப்படி பதிவு கேட்கலாம் என்று மார்யா சொல்லியிருந்தாள். அவன் இப்போது எதைச் செய்தாலும், இது எப்படிக் கொல்லும் என்று முணுமுணுத்துக்கொண்டே செய்கிறான். அலுவலகத்தில் எல்லாருக்கும் தொல்லை.

பிரென்ட் நோலீனைக் கூப்பிட்டான். நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான்.

"பிரின்சிபல் டெவலப்பர்னு போடட்டுமா? சீஃப் வேணும்னாலும் சொல்லு. எது வேணும்னாலும் போடறேன். நான் பண்ணது தப்புதான்."

"பிரின்சிபலுக்கு என்ன சம்பளம்?"

அவன் சொன்னான்.

"அதப் போடு. பேரு பழசே இருக்கட்டும்."

"புரோகிராமரா? அது ரொம்பக் கீழ தெரியுமே நோலீன். வெளிய யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்களோ நினைக்கட்டும். மார்யாவோட பேருக்கு அவ ஜவாப். என் பேருக்கு நான் ஜவாப். பொடி எழுத்துல இருந்த அந்தக் குறிப்ப மட்டும் எடுத்துடு."

அவன் அவள் கண் முன்னாலேயே எடுத்தான்.

ஜூலை கடைசி வாரம் பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு, ஆலைக்குப் போகிற வழியில், நோலீன் பள்ளிக்கூட ரோட்டில் மஞ்சள் பள்ளிப் பேருந்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினாள். கிராசிங்கில் சிவப்பு விளக்கு மாறி மாறி எரிந்துகொண்டிருந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது. ரயிலைக் காணோம். கொடிக்காரனும் இல்லை. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கரும்பு, மழையில் தொங்கிக்கொண்டு.

பேருந்து ஓட்டுபவள் கதவைத் திறந்து, மேல்கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். பெரிய உடம்புக்காரி, பொறுமை குறைவு.

"லைட்டு கெட்டுப்போச்சு போல. காதை வச்சுக் கேட்டேன், லோகோ சத்தமே இல்ல. தாண்டிப் போயிடலாமா? பசங்களுக்கு லேட்டாகுது."

"போகாத" என்றபடி நோலீன் வண்டியிலிருந்து இறங்கினாள். "வரும்."

"எது வரும்? ஒண்ணும் காணோமே..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. கரும்புக்குள்ளிருந்து, முன்னால் லோகோவும் இல்லாமல், ஆளும் இல்லாமல், ஒரு காலித் தொட்டி ரோட்டுக்கு வந்தது. மழைச் சத்தத்தில் சக்கரம் உருள்வதுகூடக் கேட்கவில்லை. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. பேருந்துக்குள் குழந்தைகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினார்கள். ஓட்டுபவள் மேல்கோட்டைக் கீழே இறக்கிவிட்டு மழையிலேயே நின்றாள். பத்து என்று குழந்தைகள் கத்தியபோதும் லோகோ இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நான் போயிருப்பேன்" என்றாள் மெல்ல. "கடவுளே. போயிருப்பேன்."

நாற்பது எண்ணி முடிந்த பிறகு லோகோ வந்தது. ஜன்னலில் ப்ளூவின் சிவப்புத் தலை. அவன் ஹாரனை ஒரு முறை அடித்துவிட்டுப் போனான். விளக்கு அணைந்தது.

ஓட்டுபவள் நோலீனைத் திரும்பிப் பார்த்தாள். "வரும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்த விளக்கு எப்போ எரியணும்னு எழுதினது நான்."

"நீ எஞ்சினியரா?"

நோலீன் நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தேழு குழந்தைகள் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல" என்றாள். "புரோகிராமர்."